பாய் டிப்போவின் பி.பி. நம்பர்

போன வாரம் அத்திபெலேயில் பிடித்த மழைக்கு எங்கள் கம்பெனி வாசலில் அடுக்கியிருந்த, சரக்கு வைக்கும் மரப் பேலட்டுகள் எல்லாம் ஊறிப்போய்விட்டன. ஊறிய மரத்துக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. கொஞ்சம் புளித்த கள், கொஞ்சம் பழைய சாக்கு. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் அடிவயிற்றில் ஒரு பயம் எழும்பி, பிறகு ‘அப்பாடா’ என்று தானாக அடங்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அப்படித்தான்.

அன்றைக்கு ஆபீசுக்குள், கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் தீபா கம்ப்யூட்டரில் எனக்கு பயோடேட்டாக்களைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். சி.வி. என்று அவள் சொல்வாள். ஸ்டோர்கீப்பர் ஒருவன் வேண்டும் என்று போட்டிருந்தோம். நான் எட்டாவதில் பெயிலானவன். இதை ஒளிப்பதில்லை, ஏனென்றால் அடுத்த வரி நன்றாக இருக்கும்: இன்றைக்கு என்னிடம் அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஓசூர் வரைக்கும் எந்த குடோனுக்குள் போய் நின்றாலும் நான் செய்த இரும்பு ரேக் ஒன்றாவது உங்கள் கண்ணில் படும். நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

தீபா படித்தாள். பையன் டைனமிக்காம், பேஷனேட்டாம், டீம் ப்ளேயராம். ரேக்கில் போல்ட்டு எண்ணுகிற வேலைக்கு இவ்வளவு வேகம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

“அப்பா பேரு என்னம்மா?”

“அதெல்லாம் இப்ப போடமாட்டாங்க சார்.”

“வீடு எங்க?”

“பெங்களூருன்னு மட்டும் இருக்கு.”

“சரி, பி.பி. நம்பர்?”

தீபா திரும்பிப் பார்த்தாள். “யாருக்கு சார் பி.பி.? மாத்திரை போட்டீங்களா?”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருபத்தாறு வயசு. விவரம் தெரியும்போதே வீட்டில் ஆளுக்கொரு ஃபோன் இருந்திருக்கும். உங்களுக்காவது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் ஃபோன் இல்லாதவர்கள் பக்கத்தில் ஃபோன் உள்ள வீட்டின் நம்பரைக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்தைப் போட்டுவிடுவார்கள். விரித்தால் என்ன வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். இது என் ஃபோன் இல்லை, இங்கே கூப்பிட்டால் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில் பி.பி., ஆஸ்பத்திரிச் சீட்டில் பி.பி., வேலைக்கு எழுதும் பயோடேட்டாவில் கட்டாயம் பி.பி.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கெல்லாம் பி.பி. கரீம் பாயின் விறகு டிப்போதான். அல்சூர் பக்கம் இருந்த பெரிய மனுஷர்களுக்கு வரவேற்பறையில் ஃபோன் இருந்தது. எங்களுக்கு நீலகிரி என்கிற யூகலிப்டஸ் மரக்கட்டைகளுக்கும் அடுப்புக்கரி மூட்டைகளுக்கும் நடுவே, ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. வெளியே பேச முடியாதபடி டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு. ஆனால் வருகிற ஃபோனுக்கு ஏது பூட்டு? மணி அடித்தால் எடுத்து “கரீம் டிப்போ!” என்று சொல்வதும், யாருக்கு வந்திருக்கிறதோ அவர் வீட்டுக்கு ஓடுவதும் மூன்று வருஷம் என் வேலை. “மணியக்கா, உங்க தம்பி லைன்ல இருக்கான், சீக்கிரம்!” என்று நான் கத்தினால் மணியக்கா கையில் மாவோடு ஓடிவருவாள். குழந்தை பிறந்ததும் என் வாயால்தான் தெருவுக்குத் தெரியும், பெரியவர்கள் போனதும் என் வாயால்தான். ஓடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வெளியூர் டிரங்க்கால் என்றால் மூன்று நிமிஷக் கணக்கு. முதல் நிமிஷம் முடிவதற்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன்.

ஓட்டம் போக மீதி நேரத்தில் கட்டை இறக்குவேன், பிளப்பேன், நிறுப்பேன். டிப்போ வாசல் கேட், கரி ரூம், ஃபோன் பூட்டு எல்லாவற்றின் சாவிக்கொத்தும் என் இடுப்பில்தான் தொங்கும். பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். “எந்தக் கட்டை எங்க இருக்கு ரே?” என்று கேட்டால் திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். அந்த வித்தை எனக்குப் பிறவியிலேயே உண்டு.

அப்படிப்பட்ட நான் டிப்போவை விட்டு வந்தது ஒரு மழையால். புதுசாக ஒரு லாரி நீலகிரி இறங்கியிருந்தது. “மேகம் கட்டுது, தார்ப்பாய் போட்டு மூடு” என்று சொல்லிவிட்டு பாய் தொழுகைக்குப் போனார். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வராது என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மேட்னி ஷோவுக்குப் போனேன். கொட்டியது பாருங்கள் ஒரு மழை! கட்டையெல்லாம் கறுத்து, ஊதி, அந்தப் புளித்த வாசனையோடு கிடந்தது. மறுநாள் வாங்கிப் போன பெண்கள் எல்லாம் கண் சிவக்கத் திரும்பி வந்தார்கள், அடுப்பு எரியவில்லை, வீடெல்லாம் புகை என்று. பாய் அவர்கள் முன்னாலேயே என்னைக் கேட்டார்:

“க்யா ரே, நான் கட்டை விக்கிறேனா, தண்ணி விக்கிறேனா?”

தப்பு முழுக்க என்னுடையது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றித் தராசுத் தட்டில் போட்டேன். தட்டு டங்கென்று இறங்கியது.

“உங்க டிப்போ இல்லன்னா எனக்குப் பொழப்பே இல்லையா பாய்? ஒருநாள் கார்ல வந்து எறங்கி இந்த டிப்போவையே வாங்குறேன், பாத்துக்கோங்க.”

பாய் சாவிக்கொத்தை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். “ஹவ் ரே, சரி, வாங்கு. வரும்போது ஒரு தார்ப்பாயும் கொண்டு வா.”

பெண்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் என் பின்னாலேயே வந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாசம் வேலை இல்லை. அப்பா இல்லாத வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். இரண்டு முட்டியும் வீங்கி, பஸ் படி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னையே தூக்கிப் போடுவாள். எனக்கு நிலையான ஒரு வேலை கிடைத்தால் அவள் நின்றுகொள்ளலாம். வாய்விட்டு அவள் அதைச் சொன்னதில்லை. இராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது என் பக்கம் திரும்பாமல் தேய்ப்பாள், அது போதாதா?

மகாதேவபுரா பக்கம் மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்சுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பயோடேட்டா வேண்டும் என்றார்கள். அல்சூர் மார்க்கெட்டுக்கு மேல் மாடியில் ஸ்டெல்லா அக்கா டைப் அடித்துக் கொடுப்பாள். நான் போய் நின்று, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: “அய்யா, நான் தகப்பன் இல்லாதவன், ஏழை, கருணை காட்டி...”

அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்தாள். “நீ வேலைக்கு எழுதுறியா, தர்மத்துக்கு எழுதுறியா? கருணை வேணும்னா கோயிலுக்குப் போ. உனக்கு என்ன தெரியும், அதச் சொல்லு.”

“கட்டை தூக்குவேன்க்கா.”

“எவ்வளவு கட்டை? எத்தனை வருஷம்? சாவி யார்கிட்ட இருந்துச்சு? வரவு போறது யார் பாத்தது?”

ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கினாள். ஒரே தாள்தான், அதற்கு மேல் எவனும் படிக்கமாட்டான் என்பது அவள் சட்டம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு டக் டக்கென்று ஒரு வரி அடித்தாள். என்ன என்று கேட்டேன். ‘ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், கரீம் ஃபியூயல் டிப்போ, மூன்று வருடம்.’ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டை தூக்குகிறவனாக மாடி ஏறியவன், இன்சார்ஜாக இறங்கப் போகிறேன்.

“மொழி?”

“அஞ்சு.” தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இங்கிலீஷ். எழுதுவாயா என்று கேட்டாள். தமிழ் மட்டும் என்றேன், அதுவும் கொஞ்சம் சத்தமில்லாமல்.

“ஃபோன் நம்பர்? பி.பி. இருந்தாலும் பரவால்ல. ஃபோன் இல்லாத பேப்பர் அடியில போயிடும்.”

அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல ஒரு இன்சார்ஜுக்கு வாய் வருமா? என் நாக்குக்குத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று. மூன்று வருஷம் தினமும் பத்துப் பேருக்குச் சொன்ன நம்பர். கடகடவென்று சொல்லிவிட்டேன். அக்கா அடித்துவிட்டாள், பக்கத்தில் பி.பி.

இன்டர்வியூவில், ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசர் தாளைப் பார்த்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். விரலை அந்த நம்பரில் வைத்து, “இங்க யார் பேசுவாங்க?” என்று கேட்டார்.

“எங்க முதலாளி சார். எனக்குப் பெரியப்பா மாதிரி.”

“ஒள்ளேது, நல்லதாப் போச்சு. அவர்கிட்டயே உன்னைப் பத்திக் கேட்டுக்கறேன். நாலு நாள்ல ஃபோன் வரும்.”

சலாம் வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். டின் ஃபேக்டரி ஸ்டாப் தாண்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஃபோன் போகப்போவது கரீம் பாய்க்கு. ‘உங்க ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் எப்படி?’ என்று கேட்பார்கள். யாருடைய தராசுத் தட்டில் சாவியை எறிந்தேனோ, அவர் பதில் சொல்லவேண்டும். அப்படியே நல்ல சேதி வந்தாலும் எனக்காக யார் ஓடிவருவார்கள்? தெருவுக்கெல்லாம் ஓடினவன் நான்தானே!

அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “போயி ஒரு வார்த்தை சொல்லுடா பாய்கிட்ட. தெரியாமப் பேசிட்டேன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?”

“நான் ஏம்மா சொல்லணும்?”

“ஆமா, நீ ஏன் சொல்லணும். என் முட்டி சொல்லும்.”

அதற்கும் போகவில்லை. எனக்கு அப்போது இருபது வயசு, அந்த வயசுக் கழுத்து வளையாது. அதற்குப் பதிலாக ஒரு அறிவாளி வேலை செய்தேன். டிப்போவுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மூன்று நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்றேன். ஃபோன் அடித்தால் கேட்கும் தூரம். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் டம்ளரை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். மணியக்கா தம்பி, ஒரு சவத்துக்குக் கட்டை ஆர்டர், யாரோ ராங் நம்பர். பாயும் என்னைப் பார்த்துவிட்டார். தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீக்கடைக்காரர்தான் கேட்டார், “என்னப்பா, டிப்போவ வாங்க வெலை பேசிட்டு இருக்கியா?” தெரு முழுக்க அந்தக் கதை போயிருந்தது.

நாலாம் நாள், மேகம் கட்டிய ஒரு மத்தியானம், மணி அடித்தது. பாய் எடுத்தார். வழக்கமாக “யாரு? இருங்க” என்று இரண்டு சொல்லோடு முடிப்பவர், அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து பேசினார். பேசிக்கொண்டே நிமிர்ந்து தெருவைத் தாண்டி என்னையே பார்த்தார். தலையை ஆட்டினார். ஒருமுறை சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் வேலை போய்விட்டது என்று முடிவுகட்டினேன். பிறகு ஃபோனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு அம்மாவுக்குக் கரி நிறுக்க ஆரம்பித்தார். கூப்பிடவில்லை. டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவி முடித்தார். காற்று மாறியது. மண்வாசனை வந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் தெருவைக் கடந்து வந்தது.

“ஏ ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்! இங்க வா ரே!”

போனேன். கால் மட்டும்தான் போனது, உயிர் டீக்கடையிலேயே நின்றது.

“பாய்... கம்பெனியிலிருந்தா?”

“ஹவ்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மழை வருது. மொதல்ல தார்ப்பாயப் போடு.”

போட்டேன். அந்த மாதிரி ஒரு தார்ப்பாய் இந்த பெங்களூரிலேயே யாரும் போட்டிருக்கமாட்டார்கள். நாலு முனையும் இழுத்துக் கட்டி, மேலே கல் வைத்து, பக்கவாட்டில் சாக்கு செருகி. கடைசிக் கல்லை வைக்கும்போது முதல் துளி விழுந்தது. இறங்கி வந்து நின்றேன். பாய் பையிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

“திங்கக்கிழமை காலையில வரச் சொன்னாங்க. போட்டோ ரெண்டு எடுத்துட்டுப் போ.”

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பசி. மூன்று நாளாக வெறும் டீயில் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிர்க்கடையில் நாலு பன் தின்றேன். வீட்டுக்கு ஓடினேன், மழையில், என் வாழ்க்கையிலேயே வேகமாக. மற்றவர்களுக்குச் சேதி சொல்ல ஓடிய கால், முதல்தடவையாக எங்கள் வீட்டுக்கு ஓடியது. அம்மா சேதியைக் கேட்டாள். காலை நீட்டி உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

பாய் ஃபோனில் என்ன சொன்னார்? எத்தனை தடவை கேட்டும் “நக்கோ ரே, போ” என்று கையை ஆட்டிவிட்டார்.

கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தேன். ஸ்டோர்சில் எந்த போல்ட்டு எந்த அறையில் என்று பார்க்காமல் சொல்வேன். அங்கேதான் எனக்கு ரேக் பைத்தியம் பிடித்தது, அதுதான் பின்னால் தொழிலானது. ஆனாலும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்சார்ஜ் என்று பொய் எழுதி உள்ளே வந்தவன் நான். பர்சனல் ஆபீசர் கூப்பிடுகிறார் என்றால், ‘இன்றைக்குத் தெரிந்துவிட்டது’ என்று நினைத்துக்கொண்டேதான் போவேன். அவர் வேறு, மழை வந்தால் போதும், குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டோர்ஸ் வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார். “ஏனப்பா, இத்தீயா?” இருக்கிறாயா என்று கன்னடத்தில் கேட்பார். இருக்கேன் சார் என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஏழு வருஷமும், ஒரு மழை விடாமல். என்மேல் தனிப் பாசம் என்று மற்றவர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன்.

சொந்தமாகத் தொழில் தொடங்க வேலையை விட்ட அன்று அவர் அறைக்குப் போனேன். காபி வரவழைத்தார்.

“உன்னைப் பத்தி அந்த டிப்போ சாபு ஃபோன்ல என்ன சொன்னார், கொத்தா, தெரியுமா?”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“இன்சார்ஜ்னு எழுதியிருக்கானே, நிஜமான்னு கேட்டேன். ‘சாவிக்கொத்து அவன் இடுப்புலதான் சார் இருந்துச்சு, அவனே தூக்கி எறியற வரைக்கும்’னார். சரக்கு தெரியுமான்னு கேட்டேன். ‘எந்தக் கட்டை எங்கன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வான்’னார். சரி, குறை ஏதாவது உண்டான்னேன். சிரிச்சார். ‘ஒண்ணே ஒண்ணு சார். மழை வந்தா ஆள் காணாமப் போயிடுவான். நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க’ன்னார்.”

“குறையையுமா சார் சொன்னார்?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு ஏழெட்டு இடத்துக்கு ஃபோன் போட்டேன்ப்பா. எல்லாரும் எங்க பையன் தங்கம், தங்கம்னாங்க. இவர் ஒருத்தர்தான் குறை சொன்னார். அதனால மத்ததையும் நம்பினேன்.”

அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு எடை குறைந்துவிட்டது போல இருந்தது. நான் பொய் சொல்லி நுழைந்தவன் இல்லை. ஸ்டெல்லா அக்கா அடித்தது உண்மைதான், சாவியை என்னிடம் கொடுத்தவரே அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். ஏழு வருஷம் வீணாகப் பயந்திருக்கிறேன். அப்பாடா!

அன்றைக்கே அரைக் கிலோ மைசூர்பாகோடு ஸ்கூட்டரில் டிப்போவுக்குப் போனேன். சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தையை ஏழு வருஷம் கழித்துச் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைத் தூக்கி ஸ்கூட்டரைப் பார்த்தார்.

“கார் எங்க ரே?”

கார் வாங்கினேன். அதற்குப் பத்து வருஷம் பிடித்தது. முதல் ஓட்டமே மர்பி டவுனுக்குத்தான், டிக்கியில் புதுசாக ஒரு தார்ப்பாய். ஆனால் அதற்குள் வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டர் வந்து விறகு நின்றுபோயிருந்தது. பாய் வாணியம்பாடியில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். டிப்போ இருந்த இடத்தில் மூன்று மாடி, கீழே செல்ஃபோன் கடை. தார்ப்பாயைத் திருப்பிக் கொண்டுவந்தேன். பிறகு அவர் காலமான சேதி வந்தது, என் சொந்த ஃபோனுக்கு. யாரும் ஓடிவந்து சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் தீபாவிடம் சொல்லி முடிக்கும்போது மழை விட்டிருந்தது. ஒரு யோசனை தோன்றியது. எங்கள் கம்பெனி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ‘உங்களைப் பற்றிக் கேட்டால் பேசக்கூடிய, உங்கள் தெருவில் உள்ள ஒருவரின் நம்பர்.’

“தெருவுல யார சார் தெரியும்? எனக்கே பக்கத்து ஃப்ளாட்ல யாருன்னு தெரியாது.”

“போட்டுப் பாரும்மா.”

போட்டாள். நேற்று பூர்த்தி செய்த விண்ணப்பங்கள் வந்தன. நாலு பேர் அந்த வரியைக் காலியாக விட்டிருந்தார்கள். ஒருத்தி அம்மாவின் நம்பரைப் போட்டிருந்தாள், ஊரில் இருக்கிற அம்மா. அந்த டைனமிக் பையன் மட்டும் ஒழுங்காக ஒரு நம்பர் எழுதியிருந்தான். சந்தோஷமாக நானே டயல் செய்தேன். எடுத்த குரலிடம், இந்தப் பையன் எப்படி என்று கேட்டேன்.



“சார்... நான்தான் பேசறேன். இது என்னோட இன்னொரு சிம்.”